கணுக்கால்ல போட்ட சாக்பீஸ் கோடு

நம்ம வயசுக்காரங்க ரெண்டு பேரு எதிர எதிர வந்தா இப்பல்லாம் சாப்ட்டியான்னு கேக்கறதில்ல. முட்டி எப்டி கீதுன்னுதான் கேட்டுக்கறோம். எனக்கும் ரெண்டு கீது. மாடிப்படி ஏறுனா பழைய டைப்ரைட்டர் மாதிரி டக்கு டக்குன்னு அடிக்குது. முப்பது வருசம் நான் அத அடிச்சேன், இப்ப அது என்னை அடிக்குதுன்னு வெச்சிக்கங்க.

போன வாரம் ஒரு டாக்டர்கிட்ட போனேன். மீசை கூட சரியா மொளைக்கல, என் பேரன் வயசு இருக்கும். எங்க வலிக்குதும்மான்னாரு. கால்லன்னேன். "கால்னா? லெக்கா, ஃபுட்டா?"ன்னு கேட்டுட்டு பேனாவ தூக்கி வெச்சிகினு பாக்கறாரு.

என் வாயப் பத்தி உங்களுக்குத் தெரியும், ரேஷன் கடைக்காரனே என்னைப் பாத்தா எடைக்கல்ல தொடச்சி வெப்பான். அப்பேர்ப்பட்ட வாய் அன்னிக்கு ஒட்டிகிச்சு. பாவம், இங்லீஷ் தெரியாத கெழவின்னு நெனச்சாரு போல. "பரவால்லம்மா, தொட்டுக் காட்டுங்க"ன்னாரு. குனிஞ்சு தொட்டேன். தொட்ட கைய பாத்துகினே உக்காந்துட்டேன். ஏன்னா, இதே கை இதே மாதிரி இன்னொரு தடவையும் தொட்டுக் காட்டிக்கீது. அப்ப எனக்கு எட்டு வயசு.

சண்ட நடந்துகினு இருந்த காலம் அது. வெள்ளைக்காரன் இன்னும் போகல. உங்கள்ல பாதி பேருக்கு ஞாபகம் இருக்கும்: கிரசினுக்கு க்யூ, அரிசிக்கு க்யூ, வெளக்கு வெளிய தெரியக் கூடாதுன்னு சிம்னிக்கு கறுப்பு காகிதம். பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் பின்னாடி எங்க ஊடு. மல்லிப்பூ மூட்டை எறங்கற எடம், அதனால எங்க தெருவுல சாக்கடை கூட கொஞ்சம் மணக்கும். குண்டு போட்டா ஒளிஞ்சிக்கறதுக்குன்னு எங்க மிஷன் ஸ்கூலுக்குப் பின்னாடி நீளமா ஒரு பள்ளம் வெட்டனாங்க. மழை பேஞ்சு ரொம்பிப் போச்சு. ஜப்பான்காரன் வரல, தவளைங்க வந்துச்சு.

எங்க தெருவுல பொம்பளப் புள்ள ஸ்கூலுக்குப் போனது நான் ஒருத்திதான். என் அறிவப் பாத்து அனுப்பனாங்கன்னு நெனைச்சிடாதீங்க. எங்க தாத்தா ஒரு காகிதத்துல கட்டை விரல் வெச்சதுனால அனுப்பனாங்க.

தாத்தாவுக்கு பாரிவாக்கத்துல ஒரு கொல்லை இருந்துச்சு. பக்கத்து நெலத்துக்காரரு ஒரு காகிதம் கொண்டாந்தாரு. அவரோட ஆளே படிச்சுக் காட்டுனாரு. கொல்லை வழியா வாய்க்கா வெட்டறதுக்கு சம்மதம்னு படிச்சாரு. தாத்தா விரல் வெச்சாரு. அது வாய்க்காலுக்கு இல்ல, கொல்லைக்கேன்னு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து எங்க நைனாவுக்கு ஒரு சட்டம். ஊட்டு ஆளு ஒருத்தர் படிச்சு சரின்னு சொல்லாம எந்தக் காகிதத்துலயும் விரல் வெக்க மாட்டாரு. ஊட்ல படிக்கத் தெரிஞ்ச ஆளு கெடையாது. ஆம்பளப் புள்ளயும் பொறக்கல. பொறந்தது நான் ஒருத்தி. ஸ்கூலுக்கு அனுப்பறப்போ அம்மா அழுதாங்களாம், இவள யாரு கட்டிப்பாங்கன்னு. நைனா சொன்னாராம், எனக்குப் படிக்க ஊட்லயே ஒரு ஆளு வேணும், அவ்ளோதான்னு.

காகிதம் வந்துச்சுன்னா நைனா அதுக்குன்னு ஒரு மொறை வெச்சிருந்தாரு. மொதல்ல கட்டை விரல செம்புத் தண்ணில கழுவுவாரு. தோள்ல கீற துண்டுல தொடைப்பாரு. அப்பறம் அந்த விரல அப்டியே நட்டமா நிறுத்தி வெச்சிகினு உக்காருவாரு, காயறதுக்கு வெச்சா மாதிரி. நான் நின்னுகினு படிப்பேன். இங்லீஷ்னா படிச்சிட்டு தமிழ்ல சொல்லுவேன். முடிஞ்சதும், "சரியா கீதா?"ன்னு கேப்பாரு. "சரியா கீது நைனா"ன்னு நான் சொன்னாத்தான் மையில விரல் எறங்கும். வெச்சி முடிச்சதும் விரல்ல மிச்சம் ஒட்டியிருக்கற மைய என் கன்னத்துல ஒரு தேய் தேய்ப்பாரு. திருஷ்டிப் பொட்டாம். ஒரு தடவ தெருவுல குடுத்த பல்பொடி நோட்டீஸ படிச்சேன். அதுக்கும் விரல கழுவிகினு உக்காந்திருந்தாரு மனுசன்.

எட்டு வயசுல எனக்கு எவ்ளோ இங்லீஷ் தெரியும்னு கேக்கறீங்க. ஒடம்பு மட்டும் நல்லா தெரியும். அதுக்குக் காரணம் எங்க டீச்சரம்மாவோட ரூல்தடி. செவுத்துல ஒரு படம் தொங்கும். அரை டவுசர் போட்ட வெள்ளைக்காரப் பையன், ஒடம்பு பூரா கோடு கோடா இழுத்து பேரு எழுதிக்கீது. ரூல்தடி பட்டு பட்டு அவனுக்கு மூக்கே தேஞ்சு போச்சு. டீச்சரம்மா ஒரு பேரு சொல்லுவாங்க. நாங்க அந்த எடத்த நம்ம ஒடம்புல தொடணும். தப்பான எடத்த தொட்டா, தொட்ட எடத்துலயே அடி விழும். நியாயம்தானே, எடம் மறக்காது.

நமக்கு கைன்னா தோள்ல ஆரம்பிச்சு நகத்துல முடியும். காலும் அப்டித்தான், இடுப்புக்குக் கீழ மொத்தமும் காலு. வெள்ளைக்காரன் மணிக்கட்டுல ஒரு வேலி போட்டு மேல ஆர்ம், கீழ ஹேண்டுங்கறான். கணுக்கால்ல ஒரு வேலி போட்டு மேல லெக்கு, கீழ ஃபுட்டுங்கறான். ஊரையே கூறு போட்டவன் ஒடம்ப உட்டுருவானா. டீச்சரம்மா ஃபுட்டுன்னாங்க, நான் முழங்கால தொட்டேன். விழுந்துச்சு. மறுபடி ஃபுட்டுன்னாங்க, பயத்துல தொடைய தொட்டேன். அங்கயும் விழுந்துச்சு. மூணாவது தடவ அவங்களே குனிஞ்சு என் கணுக்கால சுத்தி சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டாங்க. கோட்டுக்குக் கீழ ஃபுட்டு, கோட்டுக்கு மேல லெக்கு. சாய்ந்தரம் ஊட்டுக்குப் போனா, அம்மா அதப் பாத்துட்டு யாரோ மந்திரிச்சு உட்டுட்டாங்கன்னு மஞ்ச தண்ணி ஊத்தி கழுவுனாங்க. கோடு போச்சு. ஆனா எனக்கு அப்பறம் தப்பவே இல்ல. தூக்கத்துல கேட்டாலும் கை சரியான எடத்துக்குப் போவும்.

இப்ப மாமா. அம்மாவோட தம்பி. ஆவடிக்குப் போற வழியில பட்டாளத்துக்காரங்க தகரக் கொட்டாயா போட்டு ஒரு சாமான் கிடங்கு வெச்சிருந்தாங்க. அதுல மாமா சீட்டும் கணக்கும் எழுதற ரைட்டர். சைக்கிள், கணுக்கால்ல கிளிப்பு, தலையில எண்ணெய் வழியற கோணவகுடு. காதுல எப்பவும் ஒரு பென்சில் சொருகியிருக்கும். ஒரு முனை செவப்பு, ஒரு முனை நீலம். அந்த மாதிரி ஒரு பென்சில நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. வந்தா என்னை சைக்கிள் பார்ல உக்கார வெச்சி மார்க்கெட்ட ஒரு சுத்து சுத்துவாரு. தெருவே கேக்கும், இன்னாடி மாமனையே கட்டிக்கப் போறியான்னு. எல்லாரும் கிண்டலுக்குக் கேட்டாங்க. நான் மட்டும் நெஜம்னு நம்பிகினு இருந்தேன். எட்டு வயசுல என் கையில இருந்த ஒரே உறுதியான திட்டம் அதுதான்.

அந்த வருசம் மாமாவுக்கு திருவேற்காட்டுல பொண்ணு பாத்தாங்க. நான் ரெண்டு நாள் சோறு திங்கல. மூணாவது நாள் மீன் கொழம்பு, அதனால தின்னுட்டேன். மாமா என்னைக் கூப்ட்டு, "கோச்சிக்காத கண்ணு, கல்யாணம் முடிஞ்சதும் இந்தப் பென்சில் உனக்குத்தான்"ன்னாரு. நான் ஒத்துகினேன். அந்தக் காலத்துல நான் கொஞ்சம் மலிவாத்தான் போவேன்.

ஆனா அந்தக் கல்யாணத்துல ஒரு சிக்கல் இருந்துச்சு. மாமா அம்மாகிட்ட அடுப்பங்கரையில உக்காந்து பொலம்பறத கேட்டேன். பொண்ணோட அண்ணங்காரனுக்கு கிடங்குல ஒரு வேலை வாங்கித் தரணுமாம். மூட்டை தூக்கற வேலை இல்ல, உக்காந்து செய்யற வேலை. அது நடந்தாத்தான் தாலியாம். கிடங்குல எண்ணி அஞ்சாறு முக்காலிதான் கீது, இன்னொரு முக்காலிக்கு எங்க போறதுன்னு மாமா தலைய சொறிஞ்சிகினு இருந்தாரு.

நைனாவும் அதே கிடங்குலதான். மாமா சேத்து உட்டதுதான். நைனா சாமான் எறக்கற ஆளு. காலைல மார்க்கெட் மொனையில லாரி வரும், ஏறிகினு போவாரு. சாய்ந்தரம் அதே லாரில கிரீஸ் வாசனையோட வருவாரு.

ஒரு நாள் லாரி நேரத்துக்கு முன்னாடியே வந்துச்சு. நாலு பேரு நைனாவ தூக்கிகினு வந்தாங்க. ஆணிப் பெட்டி ஒண்ணு லாரிலேர்ந்து சரிஞ்சு வலது பாதத்து மேல விழுந்துக்கீது. கட்டை விரலும் பக்கத்துல ரெண்டு விரலும் நசுங்கிப் போச்சு. கிடங்கு கம்பவுண்டர் விரல்லேர்ந்து முழங்கால் வரைக்கும் கட்டு சுத்தி உட்டிருந்தாரு. ஊர்ல கட்டிக்கத் துணி இல்லாத காலம், பட்டாளத்துல மட்டும் துணிக்குப் பஞ்சமே இல்ல. தலகாணி மாதிரி இருந்துச்சு. ஊடு பூரா டிங்சர் நாத்தம், மல்லிப்பூ வாசனைய அது அடிச்சு வெரட்டிடுச்சு.

நைனா பயப்படல. மேஸ்திரி அவருக்கு தைரியம் சொல்லி அனுப்பிக்கீறாரு. பாதத்துல அடிபட்டவங்கள கிடங்குல தள்ளறதில்லயாம். புண்ணு ஆறற வரைக்கும் கொட்டாய்க்குள்ள முக்காலி போட்டு உக்கார வெச்சி சாக்கு தைக்க உடுவாங்களாம். ஆறனப்பறம் பழைய வேலை. "ஒரு சீட்டு எழுதி தொரைகிட்ட கையெழுத்து வாங்கணும், அவ்ளோதான். சீட்டு எழுதறது யாரு, நம்ம மாப்ளதானே"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு நிம்மதியா படுத்துகினாரு.

மூணாம் நாள் பொழுது சாயறப்போ மாமா வந்தாரு. ஒரு கையில சீட்டு, ஒரு கையில மை டப்பா. சும்மா ஒரு விரல் வெய்யி மச்சான், நாளைக்கே தொரைகிட்ட குடுத்துடறேன்னாரு. நைனா சிரிச்சாரு. "உன்மேல சந்தேகம் இல்ல மாப்ள. ஆனா பாப்பா படிக்கட்டும். அவள வேற எதுக்கு படிக்க வெக்கறேன்"னு சொல்லிட்டு, படுத்த எடத்துலேர்ந்தே செம்புத் தண்ணில விரல முக்குனாரு.

நான் சீட்ட வாங்கனேன். மாமாவோட எழுத்து முத்து முத்தா இருக்கும். நைனா பேரு, தாத்தா பேரு, ஊரு. அதுக்குக் கீழ ரெண்டே வார்த்தை. ரைட் லெக்.

எனக்கு முழங்கால்லயும் தொடையிலயும் சுருக்குன்னுது. ரூல்தடி பட்ட எடம். மாமான்னு ஆரம்பிச்சேன். அவரு சட்டுனு எழுந்து, "அட, உனக்கு ஒண்ணு கொண்டாந்தேனே, சைக்கிள்லயே கீது, வா கண்ணு"ன்னு என்னை வாசலுக்கு இழுத்துகினு போனாரு.

சைக்கிள் பக்கத்துல நின்னுகினு சொன்னேன். "மாமா, லெக்குன்னு எழுதிக்கீற. நைனாவுக்கு ஃபுட்டுதானே?"

மாமா குனிஞ்சு என் மூஞ்சிக்கு நேரா வந்தாரு. எண்ணெய் வாசனை. "ஃபுட்டுன்னு எழுதுனா தொர இன்னா நெனப்பான் தெரியுமா? எறும்பு கடிச்சிக்கீது போலன்னு நெனப்பான். லெக்குன்னாத்தான் ஐயோ பாவம்பான். பெருசா எழுதுனா பெருசா எரக்கப்படுவான். ரெண்டும் காலுதானே கண்ணு?"

நான் ஏன் நம்பினேன்னு அறுபது வருசமா யோசிக்கறேன். நானே அப்டி பண்ணவதான். ஸ்கூலுக்கு மட்டம் போட லேசா தலைவலின்னு சொன்னா உடமாட்டாங்க, வயித்த புடிச்சிகினு சுருண்டாத்தான் உடுவாங்க. பெருசா சொன்னா பெருசா கெடைக்கும்ங்கறது எனக்குத் தெரிஞ்ச ஞாயம்தான். இது ஒரு காரணம். இன்னொரு காரணம், மாமா காதுலேர்ந்து பென்சில எடுத்து என் கையில வெச்சாரு. கல்யாணம் இன்னும் முடியவே இல்ல, அதுக்குள்ள குடுத்துட்டாரு. அப்ப எனக்கு அது பாசமாத்தான் தெரிஞ்சுது.

உள்ள வந்தேன். நைனா விரல தொடச்சி நட்டமா வெச்சிகினு காத்துகினு இருந்தாரு.

"இன்னா போட்டுக்கீது பாப்பா?"

பேரு சொன்னேன், ஊரு சொன்னேன். "வலது கால்ல அடி"ன்னு சொன்னேன். பாருங்க, தமிழ்ல நான் பொய்யே சொல்லல.

"சரியா கீதா?"

"சரியா கீது நைனா."

நைனா விரல் வெச்சாரு. மிச்ச மைய என் கன்னத்துல தேய்ச்சாரு. அன்னிக்கு கொஞ்சம் அழுத்தியே தேய்ச்சாரு, சந்தோசத்துல.

பதினஞ்சு நாள் ஆச்சு. மாமா வரல. கல்யாண வேலைன்னு அம்மா சொன்னாங்க. தொர கையெழுத்து போட்டுருப்பாரு, நாமளே போலாம்னு நைனா கெளம்பிட்டாரு. ஆவடிக்கு வைக்கோல் ஏத்திகினு போற வண்டில நைனா உக்காந்தாரு. புடிச்சிக்க ஒரு தோள் வேணும்னு என்னையும் கூட்டிகினு போனாரு. சோத்து மூட்டை என் மடியில. வைக்கோல் குத்திச்சு, ஆனா திருவிழாவுக்குப் போறா மாதிரிதான் இருந்துச்சு எனக்கு. பென்சில பாவாடை நாடால சொருகிகினு போனேன்.

கேட்டுல ஒரு வயசான காவக்காரரு, தெலுங்கு பேசறவரு. பெரிய நோட்டு ஒண்ண பொரட்டி விரலால கோடு தேடுனாரு. நைனா பேரு மேல செவப்புல ஒரு இழுப்பு.

"உனக்கு இல்லப்பா. ஊட்டுக்குப் போயிடு."

நைனா சிரிச்சிகினே கேட்டாரு, நல்லா பாருங்க அண்ணாத்தே, நான் பாதத்துல அடிபட்டவன், எனக்கு சாக்கு தைக்கற வேலைன்னு. காவக்காரரு மறுபடி பாத்தாரு. பொறுமையா சொன்னாரு. தொர ஆள கண்ணால பாக்கறதில்லையாம், சீட்ட மட்டும்தான் பாப்பாராம். ஃபுட்டுன்னு இருந்தா நீலக் கோடு, முக்காலி. லெக்குன்னு இருந்தா எலும்பு ஒடஞ்சுதுன்னு அர்த்தம், ஆற ஆறு மாசமோ வருசமோ, அதனால செவப்புக் கோடு, ஊட்டுக்கு. "உன் சீட்டுல லெக்குன்னு கீது. உன் விரலும் கீது"ன்னாரு. அப்பறம் குனிஞ்சு நைனாவோட கட்ட பாத்தாரு. கட்டு இப்ப பாதத்துல மட்டும்தான். "அடப்பாவி, இது ஃபுட்டு. எவன்யா லெக்குன்னு எழுதுனது?"

கேட்டு கம்பி வழியா கொட்டாய் தெரிஞ்சுது. அஞ்சாறு பேரு முக்காலில உக்காந்து சாக்கு தெச்சிகினு இருந்தாங்க. கடைசி ஆள எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்துக்கு தாம்பாளம் தூக்கிகினு வந்தாரே, பொண்ணோட அண்ணங்காரரு. ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆட்டிகினு இருந்தாரு.

நைனாவும் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்தாரு.

"நீ படிச்சியே பாப்பா."

அப்பயாச்சும் சொல்லியிருக்கலாம். சொல்லல. "லெக்கு வேற ஃபுட்டு வேறன்னு எனக்குத் தெரியாது நைனா. ஸ்கூல்ல இன்னும் சொல்லித் தரல"ன்னேன். நைனா என் தோள புடிச்சிகினாரு. கொழந்த நீ இன்னா பண்ணுவ, எம்மேலதான் தப்பு, தெரியாத வார்த்தையா கீதான்னு நான் கேட்டுருக்கணும்னு வழியெல்லாம் எனக்கு ஆறுதல் சொல்லிகினு வந்தாரு. திரும்பறதுக்கு வண்டி கெடைக்கல. பாதி தூரம் நடந்தோம். கட்டு பூரா ரத்தம் ஊறி அதுல மண்ணு ஒட்டிகிச்சு.

ஊட்ல அம்மா அடுப்ப ஊதிகினே இருந்தாங்க, நல்லா எரியற அடுப்ப. "கல்யாணம் முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்"னு மட்டும் சொன்னாங்க. அதுலேர்ந்து அம்மாவுக்கும் பாதி தெரியும்னு இப்ப எனக்குப் புரியுது. தம்பியா புருசனான்னு ஒருத்திய நிக்க வெச்சா, அவ அடுப்புப் பக்கம்தான் திரும்புவா போல.

அன்னிக்கே மாமாவ மார்க்கெட் மொனையில புடிச்சேன். சைக்கிள் ஹாண்டில புடிச்சிகினு, நைனாகிட்ட நான் எல்லாத்தையும் சொல்லப் போறேன்னேன். மாமா கோவப்படல, அதான் எனக்கு இன்னும் எரியுது. தலைய தடவிகினே சொன்னாரு.

"சொல்லு கண்ணு. நான் எழுதுனேன். படிச்சிட்டு சரியா கீதுன்னு சொன்னது யாரு? நானா?"

நான் ஹாண்டில உட்டுட்டேன். பெல் அடிச்சிகினு போயிட்டாரு. கட்டிக்கப் போறேன்னு நம்பிகினு இருந்த மனுசன். ஸ்கூலுக்குப் பின்னாடி போய் பள்ளத்துல அந்தப் பென்சில தூக்கிப் போட்டேன். தவளைங்க ஒரு நிமிசம் கத்தறத நிறுத்திச்சு. கதையில வர்றவளா இருந்தா அத்தோட உட்டுருப்பா. நான் மறுநாள் விடிஞ்சதும் பாவாடைய தூக்கி சொருகிகினு பள்ளத்துல எறங்கித் தேடுனேன். கெடைக்கல.

கால் சேறோட கிளாஸ்ல போய் உக்காந்தேன். அப்பதான் வாசப்படில நைனா வந்து நின்னாரு, கம்பு ஊனிகினு.

நைனா எங்க ஸ்கூலுக்குள்ள வந்ததே இல்ல. செருப்ப வெளிய கழட்டிட்டு, கட்டு போட்ட காலோட நின்னுகினு டீச்சரம்மாவ கும்புட்டாரு. ராத்திரி பூரா யோசிச்சிக்கீறாரு. தன் பொண்ணு மேல தப்பு இல்ல, சொல்லித் தராதவங்க மேலதான் தப்புன்னு முடிவு பண்ணிகினு வந்துக்கீறாரு. "கோச்சிக்காதீங்கம்மா. ஒடம்புக்கு உண்டான பேரெல்லாம் சரியா சொல்லித் தாங்க. கொழந்தைக்கு லெக்குக்கும் ஃபுட்டுக்கும் வித்யாசம் தெரியல. அதனால என் பொழப்பு போச்சு"ன்னாரு.

டீச்சரம்மாவுக்கு மூஞ்சி செவந்துச்சு. என் பேர சொல்லி முன்னாடி வரச் சொன்னாங்க.

முன்னாடி போறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். தப்பா தொடணும். ஃபுட்டுன்னு சொன்னா முழங்கால், லெக்குன்னு சொன்னா பாதம். அடி விழட்டும், எத்தினி வேணா விழட்டும். நைனா நம்பிகினு வந்தது நெஜமாவே இருக்கட்டும்.

டீச்சரம்மா மேசை மேல ரூல்தடிய ஒரு தட்டு தட்டனாங்க.

"ஃபுட்."

கை போயிடுச்சு. நான் அனுப்பல. தானா கீழ எறங்கி, கோடு இருந்த எடத்துக்குக் கீழ, சேறு காஞ்ச பாதத்து மேல போய் ஒக்காந்துகிச்சு.

"லெக்."

கை மேல ஏறுச்சு. கெண்டைக்கால்ல நின்னுச்சு. "ஹேண்ட், ஆர்ம்"னு அவங்க உடாம சொல்லிகினே போனாங்க, கையும் உடாம தொட்டுகினே போச்சு. ஒண்ணு கூட தப்பல. டீச்சரம்மா நைனாவ பெருமையா பாத்தாங்க. போன வருசமே சொல்லிக் குடுத்தாச்சு, கிளாஸ்லயே இவதான் மொதல்னாங்க.

நைனா என் கைய பாத்துகினு இருந்தாரு. அப்பறம் தன்னோட கட்ட பாத்தாரு. கிடங்கு கேட்டுல கூட வராத ஒண்ணு அப்பதான் அவரு மூஞ்சில வந்துச்சு.

"நல்லாத்தாம்மா சொல்லிக் குடுத்துக்கீறீங்க"ன்னு கும்புட்டுட்டு போயிட்டாரு.

சாய்ந்தரம் அடி விழும்னு பயந்துகினு போனேன். விழல. ஏன்னு கேக்கல. கேட்டுருந்தா மாமா, பென்சிலு, எரக்கம் எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். கேக்காதவங்ககிட்ட எங்கேர்ந்து ஆரம்பிக்கறது. மாமா கல்யாணத்துக்கு மொத வரிசையில உக்காந்தாரு நைனா, மொய் வெச்சாரு, பாயசம் ரெண்டு தடவ வாங்கி சாப்ட்டாரு. அந்த காலு அப்பறம் சரியாவே ஆகல. பூ மண்டியில பொம்பளைங்களோட உக்காந்து பூ கட்டற வேலைக்குப் போனாரு. நல்லா கீற காலோட கட்டை விரல்ல நூல மாட்டிகினு கட்டுவாரு. கடைசில உக்காந்து செய்யற வேலைதான் கெடைச்சுதுன்னு அவரே ஜோக்கடிப்பாரு. நான் சிரிப்பேன். ஜோக்கடிக்கறத அவருகிட்டேர்ந்துதான் புடிச்சிகினேன்.

என்னை ஸ்கூல உட்டு நிறுத்தல. மேல மேல படிக்க வெச்சாரு. ஆனா அதுக்கப்பறம் ஊட்டுக்கு வந்த ஒரு காகிதத்தையும் என் கையில குடுக்கல. ரேஷன் கார்டு, மழைக்கு ஊடு இடிஞ்சப்போ போட்ட மனு, என் பரீட்சை ரிசல்ட்டு, எதுவானாலும் மடிச்சு துண்டுல முடிஞ்சிகினு தெருமொனை டீக்கடை பாய்கிட்ட எடுத்துகினு போவாரு.

இருபது வயசுல எனக்கு டைப்பிஸ்ட் வேலை கெடைச்சுது. அதுக்குள்ள வெள்ளைக்காரன் போயிட்டான், பள்ளத்தையும் மூடிட்டாங்க. வேலைக்கு ஜாமீன் காகிதம் ஒண்ணு கேட்டாங்க, அப்பா கையெழுத்தோ விரலோ வேணும். ஆபீஸ்ல குடுத்த மாதிரிய பாத்து நானேதான் அத டைப் அடிச்சேன், ஒரு தப்பு இல்லாம. நைனாகிட்ட நீட்டுனேன். வாங்கி மடிச்சாரு. கம்ப எடுத்துகினு கெளம்பனாரு. நானும் பின்னாலயே போனேன்.

டீக்கடை பெஞ்சில உக்காந்து, கிளாஸ் கழுவற தண்ணில விரல முக்கி, துண்டுல தொடச்சி, நட்டமா வெச்சிகினாரு. பாய் கண்ணாடிய மாட்டிகினு ஒவ்வொரு எழுத்தா தடவித் தடவி படிச்சாரு, நான் டைப் அடிச்சத. அந்த மனுசன் மூணு எடத்துல தப்பா படிச்சாரு. நான் வாய தொறக்கல.

"சரியா கீதா பாய்?"

"சரியா கீது அண்ணாத்தே."

நைனா விரல் வெச்சாரு. எனக்கே தெரியாம நான் குனிஞ்சு கன்னத்த காட்டிகினு நின்னுட்டேன், இருபது வயசுக் கழுத. நைனா என்னைப் பாத்தாரு. அப்பறம் மிச்ச மைய டீக்கடை செவுத்துல தேய்ச்சிட்டு, கம்ப எடுத்துகினு எழுந்துட்டாரு.